லாரியில் வந்த கட்டடம்

“கட்டடம் நாலு லாரியில வருதுப்பா. பன்னிரண்டே நாள். ஒரு செங்கல் கிடையாது. எண்பதடி அகலத்துக்கு நடுவுல ஒரு தூண் கிடையாது. பதிமூணாம் நாள் காலையில பத்து மணிக்கு அதுக்குள்ள உக்காந்து மொத குடையைத் தைச்சு உங்க கையில குடுக்கறேன், பாருங்க.”

மகள் இதைச் சொன்ன நேரத்தில் மேஸ்திரி காபியின் முதல் மடக்கை வாயில் வைத்திருந்தார். அந்த மடக்கு தொண்டைக்குள் போகவில்லை. நேராக எதிர்ச் சுவருக்குப் போயிற்று.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றார்.

மகள் இன்னொரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவையும் பன்னிரண்டு நாள்தான். மரியாதைக்காகப் பதினைந்தாகக்கூட வளரவில்லை.

“அம்மாடி, பன்னிரண்டு நாள்ல ஒரு கழிவறைச் சுவர்கூட காயாது. உன் காதுல எவனோ பூ சுத்தியிருக்கான். பூ இல்ல, பூந்தோட்டமே வச்சிருக்கான்.”

மேஸ்திரி சாதாரண ஆள் இல்லை. நாற்பத்தொரு வருடம் கரண்டி பிடித்த கை. அவர் கட்டிய சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு குளியலறை கட்டி, மிச்சத்தில் படிக்கட்டு வைத்துத் திரும்பி இறங்கலாம். சந்தேகம்தான் அவருடைய முதல் கருவி. ரசமட்டமும் தூக்குக்குண்டும் அதற்குப் பிறகு. செங்கலைத் தட்டிக் கேட்பார், மணலைக் கசக்கி முகர்வார். தன் கல்யாணப் புகைப்படத்திலேயே மணப்பெண்ணைப் பார்க்காமல், பின்னாலிருக்கும் சுவர் நேராக இருக்கிறதா என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவர். அந்தப் படத்தை அவர் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

மகளுக்குக் குடைத் தொழில். இருபத்தாறு பெண்கள் அவளிடம் தைத்தார்கள். அவர்கள் இருந்த பழைய வாடகைக் கட்டடத்தைச் சாலை அகலப்படுத்த இடிக்கப்போகிறார்கள், தேதியும் குறித்தாயிற்று. மழைக்காலம் வேறு தலைக்கு மேல் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் குடை தைக்கிறவர்களுக்குக் கூரை இல்லை. பழைய இடத்தைக் காலி செய்யும் நாளிலிருந்து பன்னிரண்டு நாள்தான் விடுமுறை என்று மகள் அந்த இருபத்தாறு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கு மேல் ஒரு நாள் இழுத்தாலும் அவர்களை அள்ளிக்கொள்ளப் பக்கத்துத் தெருப் பை கம்பெனிக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தேர்ந்த தையல் கைகள் போய்விட்டால் பிறகு மிஞ்சுவது ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான்.

இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும். ஆனால் நெஞ்சில் குத்தியது வேறு: அப்பன் மேஸ்திரியாக இருக்கும்போது மகள் இரும்புக்காரனிடம் போயிருக்கிறாள்.

“சரி, அஸ்திவாரமாவது இருக்கா? இல்ல அதுவும் லாரியில வருதா?”

“அது இங்கதான்பா. அத நீங்கதான் போட்டுத் தரணும். வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்.”

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கத்தில் மனைவி நின்றாள். அவர் மீசைக்குள் சிரித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அஸ்திவார வரைபடம் வந்தது. மேஸ்திரி அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் பார்த்தார். நூற்றிருபதடி நீளக் கட்டடத்துக்கு, பக்கத்துக்கு ஆறாக மொத்தம் பன்னிரண்டே குழி. அதுவும் அவர் கண்ணுக்குச் செடி நடுகிற குழி.

“இவ்வளவு சின்னதா?”

“கட்டடம் எடை கம்மிப்பா.”

“எடை கம்மின்னா காத்துல பறந்துடும்.”

“அதுக்குத்தான் போல்ட்டு போடறோம்.”

ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு கான்கிரீட் பீடம் எழும்ப வேண்டும். பீடத்துக்கு நான்கு போல்ட்டு, கட்டைவிரல் பருமனில், தலை மேலே நீட்டிக்கொண்டு. தூணின் அடித்தகட்டில் நான்கு ஓட்டை. அந்த ஓட்டையை இரும்புக் கம்பெனி தன் இடத்திலேயே போட்டுவிடும். இங்கே போல்ட்டு நிற்கிற இடமும் அங்கே ஓட்டை விழுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே இவர் குழி தோண்டும் அதே மூன்று வாரத்தில் அங்கே அவர்கள் இரும்பை வெட்டுகிறார்களாம். இது மேஸ்திரிக்குப் பேய்க்கதை மாதிரி இருந்தது. காலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செருப்புத் தைக்கிறவனைப் பார்த்திருக்கிறார்; காலை இங்கேயே விட்டுவிட்டு அங்கே செருப்புத் தைக்கிறவனைப் பார்த்ததில்லை.

“சைட்ல வந்து கொஞ்சம் முன்னப்பின்ன அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டாங்களா?” என்று கேட்டார். நாற்பத்தொரு வருடமாக அவர் தொழிலைத் தாங்கிய சொல் அது.

“அட்ஜஸ்ட்டே கிடையாதுப்பா,” என்றாள் மகள்.

போல்ட்டுகளை நிறுத்திக் கொடுக்கக் கம்பெனியிலிருந்து ஒருவர் முக்காலியும் தொலைநோக்கிக் கருவியுமாக வந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பன்னிரண்டு பீடத்திலும் ஓட்டை போட்ட இரும்புத் தகட்டை மாட்டி, அதில் போல்ட்டுகளைத் தொங்கவிட்டு, “அசைக்காம கான்கிரீட் போடுங்க பெரியவரே” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒற்றைக் கண்ணில் வேலை பார்க்கிறவனை எப்படி நம்புவது? மேஸ்திரிக்கு இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போதே உலகம் அவரை ஏமாற்றப் பார்த்திருக்கிறது.

மதியத்துக்குள் பதினொரு பீடத்துக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. ஆட்கள் சாப்பிடப் போனார்கள். மூலையிலிருந்த பன்னிரண்டாவது மட்டும் பாக்கி. மேஸ்திரி நாலாபுறமும் பார்த்தார். யாருமில்லை. பையிலிருந்து தன் டேப்பை எடுத்தார்.

அந்த டேப்பைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நூறடி இரும்பு டேப். தோல் உறை. இருபத்துமூன்று வருடமாக அவர் கையை விட்டு இறங்காதது. அவர் மனைவியின் இடுப்பை விட அந்த டேப்புக்குத்தான் அவர் கை பழக்கம் என்று அவளே சொல்வாள். ஊரில் பாதி வீடு அதன் நாக்கால் நக்கிப் பார்த்துக் கட்டியது. அதை எதிர் வரிசைப் போல்ட்டில் மாட்டி, இழுத்துக்கொண்டு வந்து, குனிந்து பார்த்தார். எண்பதடி இருக்க வேண்டிய இடத்தில் எண்பதடி முக்கால் அங்குலம்.

“ஒத்தக் கண்ணா! மாட்டினியா!” என்று மேஸ்திரி வெட்டவெளியில் சத்தமாகச் சிரித்தார். சின்னச் சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டி, தகட்டை முக்கால் அங்குலம் உள்ளே தள்ளினார். மறுபடி அளந்தார். இம்மி பிசகாமல் எண்பதடி. சாப்பாட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வருவதற்குள் அவர் முகம் பாலில் குளித்த குழந்தையின் முகமாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. உலகத்தைக் காப்பாற்றிவிட்டு ஓரமாக நிற்பதில் ஒரு சுகம் உண்டு.

மூன்று வாரம் கழித்து, பழைய இடத்தைக் காலி செய்த மறுநாள், லாரிகள் வந்தன.

நாலே நாலுதான். மேஸ்திரி நாலின் நம்பரையும் குறித்துக்கொண்டார். இறங்கியதெல்லாம் இரும்புச் சட்டமும் மடித்த தகடும் சாக்குச் சாக்காக நட்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நம்பர். கட்டடமாம் இது! பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற சாமான் மாதிரி இருந்தது. கூட வந்த ஆட்கள் எட்டே பேர். அவர்களின் தலைவனுக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர். இடுப்பில் எட்டு ஸ்பேனர் தொங்கும். நடந்தால் கோவேறு கழுதை வண்டி வருகிற மாதிரி சத்தம்.

“சிமெண்டு எங்கப்பா?” என்றார் மேஸ்திரி.

“வேண்டாங்கய்யா.”

“மணலு?”

“வேண்டாங்கய்யா.”

“தண்ணியாவது வேணுமா?”

“குடிக்க மட்டும்.”

மேஸ்திரி மூலைப் பீடத்துக்குப் பக்கத்தில் தன் நாற்காலியைப் போட்டார். அந்தப் பீடத்தின் மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. ஸ்பேனர் கையில் ஒரு ஓட்டைத் தகட்டோடு பீடம் பீடமாகப் போல்ட்டு சரிபார்த்து வந்து, கடைசியில் அங்கே நின்றான்.

“இதையும் ஒரு தடவ பாத்துடலாங்களாய்யா?”

“நான் போட்டதப் பாக்க நீ யாரு? இதுதான் பன்னிரண்டுலயும் சுத்தமானது. நானே அளந்தது.”

ஸ்பேனர் வயசுக்கு மரியாதை கொடுக்கிறவன். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான்.

மறுநாள் கிரேன் முதல் தூணைத் தூக்கியபோது மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“யோவ், நிறுத்து! தலைகீழாப் பிடிச்சிருக்க!”

உண்மையில் அப்படித்தான் இருந்தது. தூண் கீழே ஒல்லி, மேலே அகலம். அவர் கட்டிய தூணெல்லாம் யானைக்கால் வைத்துப் பிறந்தவை. இது குச்சிக் காலும் பயில்வான் தோளுமாக நின்றது.

“சரியாத்தான் இருக்குய்யா,” என்றான் ஸ்பேனர். “ஒரு வாளித் தண்ணிய கைய நீட்டித் தூக்கிப் பாருங்க. வலிக்கிறது பாதத்துலயா, தோள்லயா? கூரையும் தூணும் சேர்ற எடம் இதுக்குத் தோளு. பாடு பூரா அங்க. அங்க இரும்பு கூட. கீழ தேவையில்ல, அதனால கம்மி.”

“இரும்பு திருடறதுக்கு நல்ல நொண்டிச் சாக்கு,” என்றார் மேஸ்திரி. ஆனால் வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளியில் தண்ணீர் பிடித்தார்.

“என்னங்க, உள்ள யாரோட சண்டை?” என்றாள் மனைவி வெளியிலிருந்து.

“ஒண்ணுமில்ல. தோளு வலிக்குதான்னு பாத்தேன்.”

“வலிக்குதா?”

“வலிக்குது,” என்றார் கடுப்பாக.

குச்சிக்கால் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இரண்டு தூண், அவற்றின் தலையில் இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து நடுவானத்தில் முட்டிக்கொள்ளும் சட்டங்கள், அந்த முட்டில் பத்து நட்டு. அவ்வளவுதான், ஒரு வளைவு. எட்டுப் பேரும் சிலந்திகளைப் போல மேலே திரிந்தார்கள். நம்பரைப் பார்ப்பது, ஓட்டையை ஓட்டையோடு வைப்பது, முடுக்குவது. அறுப்பதில்லை, தட்டுவதில்லை, கத்துவதுமில்லை. கத்தாமல் நடக்கும் கட்டட வேலையை மேஸ்திரி முதன்முதலாகப் பார்த்தார். கத்தாதவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கணக்கு.

“நீளம் பத்தலைன்னா இந்தக் கடைசிச் சுவரைக் கழட்டி, இன்னும் நாலு சட்டம் சேத்து நீட்டிக்கலாம். எடம் மாறணும்னா மொத்தத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம்,” என்று ஸ்பேனர் மகளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

“அப்ப எவனாவது திருடன் வந்து கட்டடத்தையே கழட்டிட்டுப் போயிட்டா?”

“நாலு லாரி வேணுங்கய்யா.”

“அதான் நம்பர் குறிச்சு வச்சிருக்கேன்,” என்றார் மேஸ்திரி.

நான்காம் நாள் மதியம். ஐந்து வளைவு நின்றாயிற்று. ஆறாவதின் இடதுகால் சொன்ன பேச்சுக் கேட்டு உட்கார்ந்தது. வலதுகால், அதாவது பன்னிரண்டாவது தூண், கிரேனில் தொங்கியபடி மேஸ்திரியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இறங்கிற்று. ஸ்பேனர் சாக்கை விலக்கினான். அடித்தகடு போல்ட்டுகளின் தலையில் போய் ‘டங்’ என்று உட்கார்ந்தது. தூக்கி மறுபடி இறக்கினார்கள். மறுபடி ‘டங்’. ஓட்டை ஒருபக்கம், போல்ட்டு ஒருபக்கம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் படுத்திருப்பது மாதிரி.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். கூரைக்கு வேண்டிய தகட்டை எண்ணிக்கொண்டிருந்த மகள் ஓடி வந்தாள்.

மேஸ்திரிக்கு ஒரு கணம் இனித்தது என்பதை மறைக்க முடியாது. “நான் அப்பவே சொன்னேனா? அங்க உக்காந்து ஓட்டை போட்டா இங்க எப்படிச் சேரும்? உன் இரும்புக் கம்பெனிக்காரன் ஓட்டைய மாத்திப் போட்டுட்டான்.”

“பதினொண்ணுல சரியாப் போட்டவன் ஒண்ணுல மாத்துவானாய்யா? எல்லாமே ஒரே மெஷின்,” என்றான் ஸ்பேனர். அவன் தன் டேப்பை எடுத்துக் குறுக்கே இழுத்தான். “எழுபத்தொம்பதடி பதினொண்ணேகால் அங்குலம். முக்கால் அங்குலம் குறையுது. போல்ட்டு நகந்திருக்கு.”

“எண்பதடி,” என்றார் மேஸ்திரி. தன் டேப்பை இழுத்தார். அவர் டேப்பில் கச்சிதமாக எண்பதடி. “பாத்துக்க! உன் டேப்பு கோளாறு.”

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கனைப்புக் கேட்டது. தச்சர்.

ஊரில் மேஸ்திரியோடு பேசாத ஒரே ஆள் இந்தத் தச்சர்தான். ஒரு காலத்தில் இவர் சுவர், அவர் கதவு என்று ஜோடியாக வேலை பார்த்தவர்கள். ஆனால் மேஸ்திரி விட்ட வாசல் எதிலும் தச்சர் செய்த நிலை நேராகப் போய் உட்கார்ந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நிலையைச் செதுக்கு, கதவை இழை. உன் இழைப்புளி கோணல் என்று இவர், உன் சுவர் கோணல் என்று அவர். ஒருநாள் ஒரு சமையலறை வாசலில் வைத்து, ‘இனிமே உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்’ என்று இருவரும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பிரிந்தார்கள். வாசல் குறுகலாக இருந்ததால் வெளியேறுவதற்குத்தான் கொஞ்சம் இடிபட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு தச்சர், மகளின் கம்பெனியில் குடைக்கு மரப்பிடி கடைகிறார்.

அவர் இப்போது தன் டேப்பை எடுத்தார். ஸ்பேனர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். “எழுபத்தொம்பதடி பதினொண்ணேகால்,” என்றார் தச்சர், வானத்தைப் பார்த்து.

“ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துட்டீங்க! ரெண்டு டேப்பும் ஒரே கடையில வாங்கினதுதான?”

“அப்பா,” என்றாள் மகள். குரல் உயரவில்லை. “மூணு டேப்பையும் தரையில பக்கத்துல பக்கத்துல போடுங்க.”

போட்டார்கள். மூன்று டேப்பின் நுனி வளையத்தையும் ஒரே கோட்டில் வைத்தார்கள். மேஸ்திரி மண்டியிட்டுக் குனிந்தார்.

ஸ்பேனர் டேப்பில் ‘1’ என்ற எண் வளையத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. தச்சர் டேப்பிலும் அப்படியே. மேஸ்திரி டேப்பில் அந்த ‘1’ வளையத்தை ஒட்டி, கால் அங்குலத்தில், பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தவன் மாதிரி பதுங்கி நின்றது.

மேஸ்திரிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இருபத்துமூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் கலவை இயந்திரம் டேப்பின் நுனியைக் கடித்துத் துப்பியது. கிழிந்த நுனியை வெட்டிவிட்டு அவரே வளையத்தைத் திரும்ப வைத்து ஆணி அடித்தார். வெட்டிப் போட்டது முக்கால் அங்குலம். அன்றைக்கே மறந்தும் போனார். செங்கலும் பூச்சும் முக்கால் அங்குலத்தை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாத ஜாதி. யாரும் கேட்கவில்லை. அப்படியானால் அவர் கட்டிய அறை ஒவ்வொன்றும் முக்கால் அங்குலம் குறை. ஜன்னல் முக்கால் அங்குலம் குறை. ஊரில் பாதிப் பேர் இருபத்துமூன்று வருடமாகக் கொஞ்சம் ஒடுங்கிப் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். கட்டில் போடும்போது சுவரில் இடிபட்ட முட்டிகள், அலமாரிக்குப் பின்னால் போகாத விரல்கள், தச்சர் செதுக்கித் தள்ளிய கதவுகள்! அந்த மரத்தூளை எல்லாம் சேர்த்திருந்தால் ஒரு காடு.

அவர் நிமிரவில்லை. தூண் கிரேனில் தொங்கி மெல்லச் சுழன்றது.

“அந்தத் தகட்ட நகத்தினீங்களாப்பா?” என்றாள் மகள்.

மேஸ்திரி ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

மகள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. தன் விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள். மிச்சம் எட்டு நாள். அவள் உதடு அசைவதை அவர் பார்த்தார்.

ஸ்பேனர் கம்பெனிக்குப் போன் போட்டான். பதில் வந்தது: ஓட்டையைப் பெரிதாக்கக் கூடாது. பீடத்தின் தலையை உடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பிக்கு அடிபடாமல் உடைத்து, போல்ட்டைச் சரியான இடத்தில் நிறுத்தி, சீக்கிரம் இறுகும் கலவை ஒன்றை ஊற்ற வேண்டும். அந்தக் கலவையை அவர்களே அனுப்புவார்கள். இறுக இரண்டு நாள் போதும்.

“எங்களுக்கு முடுக்கத் தெரியும், கான்கிரீட் உடைக்கத் தெரியாதுங்களே,” என்று ஸ்பேனர் தலையைச் சொறிந்தான். “கம்பியில ஒரு அடி பட்டாப் போச்சு. யார வச்சு உடைக்கிறது?”

மேஸ்திரி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். “சுத்தியலும் உளியும் கொண்டா.”

உடைக்க உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தன் கைத்திறமை மேல் கோபம் வந்தது. வேறு எவனாவது போட்ட கான்கிரீட்டாக இருந்திருந்தால் அதட்டினாலே உதிர்ந்திருக்கும். இது அவர் போட்டது. மூன்று வாரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து, பிள்ளைக்குப் பாலூட்டுகிற மாதிரி தண்ணீர் விட்டு வளர்த்தது. முதல் உளி முனை மழுங்கிற்று. இரண்டாவது உளி வளைந்தது. மூன்றாவது உளி பயந்து தானாகவே நழுவி ஓடிற்று. அன்று சாயங்காலம் வரைக்கும், மறுநாள் விடிந்ததிலிருந்தும், விரலால் நெருடி நெருடிக் கம்பியைத் தொட்டுக்கொண்டே உடைத்தார். ஒரு கம்பியில்கூடக் கீறல் விழவில்லை.

வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். “நாற்பத்தொரு வருஷத்துல நீங்க போட்டத நீங்களே உடைக்கிறத இன்னைக்குத்தான் பாக்கறேன்,” என்றாள்.

“பேசாம அந்தத் தண்ணிய எடு.”

“தோளு வலிக்குதா?”

“வலிக்குது!”

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. மேஸ்திரி எதிர்பார்த்தது, மொத்த வேலையும் தன்னால் நின்றுபோய் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள் என்று. அவர் கட்டிய கட்டடத்தில் ஒரு தூண் நின்றால் உலகமே நிற்கும். இங்கே நிற்கவில்லை. கடைசி வளைவை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் கோடியிலிருந்து கூரை போட ஆரம்பித்துவிட்டார்கள். தகட்டுக்கு அடியில் வெயில் இறங்காமலிருக்க ஒரு மெத்தை. நடுநடுவே ஒளி விடுகிற தகடு. கறுப்பு நூலையும் கருநீல நூலையும் விளக்கில்லாமலே பிரித்துப் பார்க்கலாம். உச்சியில் காற்றுக்குச் சுழலும் உருண்டைகள். எல்லாம் நம்பர்படி வந்து உட்கார்ந்தன. மேஸ்திரி உளியை நிறுத்திவிட்டு நிறுத்திவிட்டுப் பார்த்தார். எங்கேயாவது ஒருவன் ஓரிடத்திலாவது தட்டி நிமிர்த்துவான் என்று காத்திருந்தார். தட்டவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் போல்ட்டுகளை நிறுத்தினார்கள். ஒற்றைக் கண் ஆள் கருவியோடு மறுபடி வந்தார். அவர் பார்த்துச் சரி என்றதும், மேஸ்திரி, “இன்னொரு தடவ பாருங்க தம்பி,” என்றார். இந்தத் தடவை குரலில் பணிவு இருந்தது. ஆனால் பழக்கதோஷம், சந்தேகமும் இருந்தது. கலவையை அவரே ஊற்றினார். எட்டாம் நாள் காலை பன்னிரண்டாவது தூண் கிரேனிலிருந்து இறங்கியது. ‘டங்’ என்ற சத்தம் வரவில்லை. சாவி பூட்டுக்குள் போவது மாதிரி நான்கு போல்ட்டும் நான்கு ஓட்டையில் போயின.

நட்டை முடுக்கும்போது ஸ்பேனர் கடைசிச் சுற்றுக்கு ஸ்பேனரை அவரிடம் நீட்டினான். மேஸ்திரி முதலில் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் முடுக்கினார்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் கடைசித் தகட்டில் கடைசித் திருகாணி ஏறியது. அன்றைக்கே பழைய இடத்துத் தையல் மெஷின்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. நடுவில் தூண் இல்லாததால் வரிசையை எப்படி வேண்டுமானாலும் போடலாம் என்று பெண்கள் நான்கு தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் காலை. மழை. மழை என்றால் சும்மா இல்லை. வானத்திலிருக்கும் யாரோ ஒரு குளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, பாத்திரத்தின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு பெண்களும் வந்துவிட்டார்கள். பை கம்பெனிக்காரர் வாசலில் போட்ட நாற்காலி மட்டும் தனியாக நனைந்துகொண்டிருந்ததாக வழியில் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பத்து மணிக்கு மகள் முதல் குடையின் கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, அப்பாவின் கையில் கொடுத்தாள். பிடி, தச்சர் கடைந்தது. மேஸ்திரி குடையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். கூரையைத்தான் அதிக நேரம் பார்த்தார். மேலே மழை பத்தாயிரம் பேர் கைதட்டுவது மாதிரி கேட்டது.

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்து இருபத்தாறு மெஷினும் நின்றன. கட்டடத்துக்குள்ளேயே குடையை விரித்தார். தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார். ஒவ்வொரு வளைவுக்குக் கீழும் நின்றார். தகடும் தகடும் சேருமிடத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றார். மூலையில், பன்னிரண்டாவது தூணடியில், மூச்சு விடாமல் நின்றார். எண்பதடி அகலத்தையும் நூற்றிருபதடி நீளத்தையும் இப்படிக் குடைபிடித்துச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார். குடையை மடக்கி, துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சருகாகக் காய்ந்திருந்தது.

கடைசலை நிறுத்திவிட்டுத் தச்சர் எதிரே வந்து நின்றார். பல வருடத்துக்குப் பிறகு அவரிடமிருந்து முதல் கேள்வி வந்தது.

“என்னய்யா மேஸ்திரி, நனைஞ்சுதா?”

“இல்ல.”

“பன்னிரண்டு நாள்தான் ஆச்சா?”

மேஸ்திரி விரல் விட்டார். லாரி வந்த நாளைச் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை எண்ணினார். சுற்றி நின்ற எல்லோரும் அவர் உதட்டைப் பார்த்தார்கள். எண்ணிக்கை எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பன்னிரண்டைத் தாண்ட மறுத்தது.

“ஆச்சு.”

“அப்ப என் கதவெல்லாம்?”

மேஸ்திரி பையிலிருந்து அந்த டேப்பை எடுத்துத் தச்சர் கையில் வைத்தார். மகளை ஒருமுறை பார்த்தார். அவள் அடுத்த குடைக்குத் துணி வெட்ட ஆரம்பித்திருந்தாலும் காதை இங்கேதான் வைத்திருந்தாள். அவர் குரலை உயர்த்தினார், கடைசி வரிசை வரைக்கும் கேட்கட்டும் என்று.

“உன் கதவு நேர்தான்யா. என் டேப்புதான் குறை. என் பொண்ணு பன்னிரண்டு நாள்ல கட்டடம் எழுப்பினாளான்னு எவனாவது கேட்டா என்கிட்ட அனுப்பு. நான்தான் நம்பாம கூடவே உக்காந்து பாத்தவன். நடந்துச்சு.”